கட்டிப்பிடிக்க வராத யானை

பெருமாட்டி
18.11.2024

ஜீவிதா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை.

நேற்று கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு மலையாளப் பத்திரிகை கிடந்தது. வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் 'காடறிவு' என்று பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா திறந்திருக்கிறார்களாம். விளையாடிக்கொண்டே காட்டைப் பற்றிப் படிக்கலாமாம். பாதிப் பக்கத்துக்குப் படம். மஞ்சள் டவுசர் போட்ட யானைக்குட்டி ஒன்று வாய் நிறையச் சிரிக்கிறது. பெயர் மொட்டு. அடியில் 'உருவாக்கம்: பொ. ஜீவிதா' என்று போட்டிருந்தது. கடைக்காரர் வேறு, "உங்க தங்கச்சிதானுங்களே? பெரிய ஆளாயிட்டாங்க" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கொச்சியில் பிள்ளைகள் புத்தகத்துக்குக் கார்ட்டூன் வரைகிறேன் என்றுதானே சொன்னாய்? யானை வரைகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மலையடித் தோப்பிலிருந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் துணி சுற்றி முடித்தாகிவிட்டது. நீ அவர் முகத்தை மட்டும் பார்த்தாய். மீதியைப் பார்த்தவன் நான். இன்றைக்கும் முதலமடைப் பக்கம் பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை யாரும் வெளியே விடுவதில்லை. அப்பாவை மிதித்த மிருகத்துக்கு நீ டவுசர் தைத்துப் போட்டிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பெயருக்கு முன்னால் இருக்கிற 'பொ.' என்பது பொங்கியண்ணன். அதை எடுக்கச் சொல். உன் பெயரில் நீ என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள். அவர் பெயரை அதன் காலடியில் போடாதே.

கோகுல்நாத்


வண்டிப்பெரியார்
27.11.2024

அண்ணாவுக்கு,

எடுக்க மாட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் எனக்கும் அப்பா. நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்கிறீர்கள். பார்க்காதவளுக்குத் தூக்கம் வந்தது என்று நினைத்தீர்களா? அப்பா போன பிறகு ஆறேழு மாதம் நான் யானையைத் தவிர எதையும் வரையவில்லை. ஒரு தாளிலும் அது நின்ற இடத்தில் நிற்காது. என் மேலேதான் வரும். வரைந்து வரைந்து கிழித்தேன். பிறகு ஒருநாள் அதையே குட்டியாக வரைந்து பார்த்தேன். அது வரவில்லை, நின்றது. இன்னொரு நாள் சிரித்தது. அதைச் சிரிக்க வைக்க எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. யார் சொன்னாலும் அதை அழிக்க மாட்டேன்.

பத்திரிகையில் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பிள்ளைகள் சின்ன ஜீப்பில் ஏறித் தண்டவாளத்தில் போவார்கள். இருட்டுக் காடு. ஒவ்வொரு திருப்பத்திலும் மொட்டு வந்து ஏதாவது சொல்லும். உப்புக்காக யானைகள் எந்த மண்ணைத் தேடிப் போகின்றன, ஒரு யானைச் சாணப் பிண்டத்திலிருந்து எத்தனை விதை முளைக்கிறது, அவை போகும் வழித்தாரையில் ஒருவர் வீடு கட்டினால் என்ன ஆகும். எல்லாம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. வாத்தியார் நின்று சொன்னால் கொட்டாவி விடுகிற பிள்ளை, மொட்டு சொன்னால் வாய் பிளந்து கேட்கிறது. கார்ட்டூனுக்கு அந்தச் சக்தி உண்டு அண்ணா. அதனால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

கடைசியில் மொட்டு வேடம் போட்ட ஆளே நேரில் வருவார். ஆனால் நடுவில் ஓர் ஓடை இருக்கும். அவர் அந்தக் கரையில் நின்று தும்பிக்கையைத் தூக்கிவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் போய்விடுவார். பிள்ளைகள் கையசைப்பதோடு சரி. யானைக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி வேண்டும், அது குட்டியானாலும், பழகியதானாலும். அந்த ஓடைக்காக மேனேஜர் ஜிஜோவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அப்பாவை நினைத்துத்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பிடுகிறேன்.

ஜீவிதா


பெருமாட்டி
6.1.2025

ஜீவிதா,

அந்த ஓடை எங்கே?

சனிக்கிழமை கிளம்பிப் பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று மாறி மாறி உன் பூங்காவுக்குப் போனேன். வாசலில் இருந்தவன், "குட்டிகள் இல்லே சேட்டா?" என்று கேட்டான். பிள்ளை இல்லாமல் தனியாக வருகிறவனைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தங்கச்சி வேலை செய்கிற இடம் என்றேன். நீ புது விளையாட்டுக்குப் படம் வரையக் கொச்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னான். அதுவும் நல்லது என்று உள்ளே போனேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பில் போகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. உப்பு மண் விஷயம் எனக்கே தெரியாது. தாரையில் வீடு கட்டுகிற இடத்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு பையன், "அய்யோ, அங்க கட்டாதே" என்று கத்தினான். நானும் ஒரு நிமிஷம் மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் இறங்கினோம். ஓடை இல்லை. அதன் மேல் பலகை போட்டு மூடிப் பச்சைக் கார்ப்பெட் விரித்திருக்கிறார்கள். வாசலில் ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் வாழைப்பழம். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் போய் மொட்டுவின் தும்பிக்கைக்குள் அதைப் போட்டால், அது தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கும். மறுபக்கம் போட்டோ கவுன்டர். கூட்டமெல்லாம் அங்கேதான். எஸ்டேட் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். காட்டு ஓரத்து லயங்களில், தோட்டத் தொழிலாளர் வீடுகளில், இருக்கிற பிள்ளைகள். பழம் கொடுத்துக் கட்டிப்பிடித்துவிட்டு, ஓடிப்போய் மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.

உட்கார இடம் தேடி வெளியே வந்துவிட்டேன்.

பொய் சொன்னாயா, இல்லை உனக்கே தெரியாதா? எதுவானாலும் கேவலம்தான்.

கோகுல்நாத்


வண்டிப்பெரியார்
15.1.2025

அண்ணாவுக்கு,

எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே கொச்சியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். வந்து கண்ணால் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் அதிகமில்லை.

நேராக ஜிஜோவின் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல். டீ வரவழைத்தார்.

"ஜீவிதா, பிள்ளைங்க கரையுது. மொட்டு தூரத்துல நின்னுட்டுப் போகுது, எங்களைப் பிடிக்கலையான்னு கேக்குது. பின்னே எந்தா செய்ய?"

"அழட்டும் சார். அழுதுட்டு வீட்டுக்குப் போகட்டும். அதுதான் பாடமே."

"இது பார்க் ஆணு. பாரஸ்ட் ஆபீஸ் அல்ல. கட்டிப்பிடிக்க முடியாத கார்ட்டூன் எதுக்கு?"

"டவுனுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் காரில் ஏறிப் போயிடும். இங்க லயத்துல இருக்கற பிள்ளைக்கு வீட்டுக்குப் பின்னாலயே யானை நிக்குது சார். நீங்க பழம் குடுக்கச் சொல்லித் தர்றீங்க."

அவர் சிரித்தார். பிள்ளைகளுக்குப் பொம்மைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்றார். அந்த வித்தியாசம் தெரியாமல் செய்யத்தானே நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். மொட்டு கம்பெனியின் சொத்து, நான் சம்பளத்துக்கு வரைந்தவள் என்று நினைவுபடுத்தினார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். நம் குடும்பத்தில் இதுவே பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

உங்கள் கோபத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பலகை போட்டது தப்பு, அதைப் பெயர்க்காமல் விட மாட்டேன். ஆனால் யானையை வரைந்தது தப்பில்லை. அந்தப் பாதியை உங்களுக்குத் தர மாட்டேன்.

ஜீவிதா


பெருமாட்டி
28.1.2025

ஜீவிதா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பூங்காவில் நான் பார்த்ததையும் சொன்னேன். பிளாஸ்டிக் பழத்தைப் பற்றிச் சொன்னதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"உங்கொப்பனும் அதைத்தான கண்ணு பண்ணுனாரு."

"என்னம்மா சொல்ற?"

"தொட்டிப் பக்கம் சீப்புச் சீப்பா வாழப்பழம் வெப்பாரு. ஒத்தை ஆனை, நம்மள ஒண்ணும் பண்ணாது, சாமி மாதிரி வந்துட்டுப் போகுதும்பாரு. உனக்குத் தெரிஞ்சாக் கத்துவீன்னு என்றகிட்ட மட்டும் சொன்னாரு. அன்னைக்கும் வால்வு தொறக்கப் போகுல. பழம் வெக்கத்தான் போனாரு."

இத்தனை நாள் எல்லாரிடமும், அந்த யானை தோப்புக்குள் புகுந்து, வேலை செய்துகொண்டிருந்த மனுசனைத் தேடி வந்து கொன்றது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வனத்துறை ஆபீசில் மேசையைத் தட்டிச் சொன்னேன். அது தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "நீ கேட்ட மாதிரியே இல்லையே சாமி. நீயேதான பேசிட்டிருந்த" என்றாள்.

இதை வைத்து நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த யானையை நான் மன்னிக்கவில்லை. சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். நீ வரைந்த குட்டியையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அந்தப் பழக்கூடையை நிறுத்து. எப்படியாவது நிறுத்து.

கோகுல்


வண்டிப்பெரியார்
19.2.2025

அண்ணாவுக்கு,

நிறுத்த முடியவில்லை. அதற்குள் நடந்துவிட்டது.

இங்கே ஒரு எஸ்டேட்டில் சுடலை என்று ஒருவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியில் வேலை செய்கிறார். அவர் மகள் யோகப்பிரியா இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியிலிருந்து பூங்காவுக்கு வந்து போனவள். ஒன்பதாம் தேதி காலையில் லயத்துக்குக் கீழே தேயிலைக்குள் ஒரு யானை நின்றிருக்கிறது. பெரியவர்கள் தகரம் தட்டப் போயிருக்கிறார்கள். இவள் வீட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியாக இறங்கியிருக்கிறாள்.

சுடலை ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். "மொட்டு மொட்டுன்னு கூப்பிட்டுக்கிட்டே போயிருக்காம்மா. நாங்க மேல இருந்து கத்துதோம், அவளுக்குக் கேக்கல. ஆனை திரும்பி வரவும் பயந்து ஓடி, கான்ல விழுந்துட்டா. அது தாண்டிப் போயிருச்சு. கான் இல்லன்னா எம்பிள்ள இல்ல." கான் என்றால் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் வாய்க்கால். தோளெலும்பு முறிந்திருக்கிறது, தாடையில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை.

நான் யார் என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை என்னை உற்றுப் பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, மொட்டு ஏன் என்னயத் தெரியாத மாதிரி பாத்துச்சு?" என்று கேட்டாள்.

வெளியே வந்து ஜிஜோவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் குரல் உடைந்துவிட்டது. ஆனால் மாலைக்குள் கம்பெனி அவருக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட்டது. பூங்காவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஊழியர்கள் யாரும் பேசக்கூடாது, பூங்கா வழக்கம்போல நடக்கும். பலகையும் கூடையும் அப்படியே.

அதனால் ஒரு வேலை செய்தேன். மொட்டு வேடம் போடுகிறவர் பொன்ராஜ். சுடலையின் பக்கத்து வீட்டுக்காரர். சம்பவத்துக்குப் பிறகு அந்த உடுப்பைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "உள்ள ரொம்ப வேகும்க்கா. கழுத்துல ஒரு துண்டு கட்டிக்கங்க" என்றார்.

ஜீப்புகள் வந்தன. பிள்ளைகள் பழத்தோடு இறங்கிக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். காதுகளை விரிக்க உள்ளே ஒரு கயிறு உண்டு, அதை இழுத்தேன். தலையைத் தாழ்த்தி, காலால் தரையைத் தேய்த்தேன். நிற்கவில்லை, இன்னும் வந்தார்கள். அப்போது நான் அவர்களைப் பார்த்து ஓடினேன் அண்ணா. என்னால் முடிந்த மட்டும் கத்திக்கொண்டு ஓடினேன். அலறிக்கொண்டு பின்னால் சிதறினார்கள். பழமெல்லாம் கார்ப்பெட்டில் உருண்டது. ஒரு சின்னப் பிள்ளை விழுந்து அழுதது. அதன் அப்பா என்னை அடிக்க வந்தார்.

தலையைக் கழற்றிவிட்டுப் பேசினேன். முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். "இப்ப ஓடினீங்க இல்லையா, அதுதான் சரி. காட்டு யானைக்குப் பழம் நீட்டக்கூடாது. பக்கத்துல போகக்கூடாது. அதுக்கு உங்களத் தெரியாது. உங்க மேல கோபமும் இல்ல, பிரியமும் இல்ல. இந்தக் கார்ப்பெட்டுக்குக் கீழ ஓர் ஓடை இருக்கு. அதை மூடிட்டாங்க. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில படுத்திருக்கு."

ஒரு டீச்சர் மட்டும் தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கடைசிவரை கேட்கவைத்தார். மற்றவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். செக்யூரிட்டிகள் என்னை உடுப்போடு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வேலை போயிற்று. கம்பெனி நோட்டீஸும் வந்துவிட்டது. பெயரைக் கெடுத்தேனாம், நஷ்ட ஈடு தர வேண்டுமாம்.

எனக்கு வருத்தமில்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் வேகமாக ஓடுவேன்.

நாளை கொச்சிக்குப் போகிறேன். என்னோடு படித்த ஸ்ரீலேகா அங்கே வக்கீலாக இருக்கிறாள், கல்பாத்திக்காரி. அவள் வீட்டில் தங்குவேன். என்னை ஊருக்குக் கூப்பிட வேண்டாம், வர மாட்டேன்.

ஜீவிதா


பெருமாட்டி
10.3.2025

ஜீவிதா,

கூப்பிடவில்லை. நான்தான் போனேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே வண்டிப்பெரியாருக்குக் கிளம்பினேன். அம்மா எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உன்னால் முடியாது என்றேன். "அப்ப நீ காரு புடி" என்றாள். பிடித்தேன்.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அப்பா செத்த கதையைச் சொல்லி அவரை வாசலில் நிறுத்தாதே என்று சண்டைக்கு வருவாய். பரவாயில்லை, நீயும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

சனிக்கிழமை பூங்கா வாசலுக்கு எதிரே, ரோட்டோரத்தில் நின்றோம். நான், அம்மா, சுடலை. யோகப்பிரியா தோளில் கட்டோடு நம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூட்டி வர வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவள்தான் அடம் பிடித்தாளாம். போர்டு இல்லை, கோஷம் இல்லை. பள்ளி பஸ் வந்து நின்றால் டீச்சர்களிடம் போய்ப் பேசினோம்.

நான் பேசியது சரியாக வரவில்லை. கோபம் வந்து மலையாளமும் தமிழும் குழறிவிட்டது. அம்மாதான் பேசினாள். உனக்குத் தெரியும், அவள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஒரு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங் டீச்சர், என்ற ஊட்டுக்காரரும் பழந்தானுங்க குடுத்தாரு. ஒரு வருசம் குடுத்தாரு. அதுக்கு அவரைத் தெரியும்னு நெனச்சாரு. அதுக்குத் தெரியலீங்க. இந்தப் புள்ளையும் அதையேதான் நெனச்சிருக்குது. உள்ள கூட்டிட்டுப் போங்க, வேண்டாங்கல. கட்டிப்புடிக்க மட்டும் உடாதீங்க."

அந்த டீச்சர் பஸ்ஸைத் திருப்பச் சொன்னார். அடுத்த பஸ் திரும்பவில்லை. அதற்கடுத்தது திரும்பியது.

உன் ஜிஜோ வெளியே வந்தார். தங்கச்சி செய்தது போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். போலீஸைக் கூப்பிட்டார். வந்த ஏட்டையா, ரோட்டில் நிற்பதற்கு என்ன கேஸ் போடுவது என்று அவரையே கேட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமையும் போய் நின்றோம். இந்தச் சனிக்கிழமையும் போவோம். தோப்பில் மாங்காய் பறிக்கிற நேரம், வேலை கிடக்கிறது. கிடக்கட்டும்.

யானையைப் பற்றி நீ சொல்வதை நான் ஒத்துக்கொண்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

கோகுல்


கொச்சி
2.4.2025

அண்ணாவுக்கு,

அப்பாவை வாசலில் நிறுத்தியதற்கு உங்களோடு சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா பேசியதைப் படித்த பிறகு அந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. இதை வேறாக எழுதுகிறேன்.

ஐந்தாறு பள்ளிகள் பூங்காவுக்கு வருவதை ரத்து செய்துவிட்டன. பிள்ளைகள் நல ஆபீசிலிருந்து கேள்வி போயிருக்கிறது. போன வாரம் கம்பெனிக்காரர்கள் ஸ்ரீலேகாவின் ஆபீசுக்கு வந்தார்கள். ஓடையைத் திறந்துவிடுகிறோம், கூடையை எடுத்துவிடுகிறோம், யோகப்பிரியாவின் வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்கிறோம், நோட்டீஸையும் திரும்பப் பெறுகிறோம். பதிலுக்கு நான் இரண்டு விஷயம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். இனி மொட்டுவை எங்கேயும் வரையக்கூடாது, என்னுடையது என்று சொல்லவும் கூடாது. அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஸ்ரீலேகா தாளை என் பக்கம் தள்ளினாள். "மொதல்லதுல கையெழுத்துப் போடுடீ. ரெண்டாவது உன் இஷ்டம். பயந்துண்டு போட்டுடாதே, அவா ஓடையைத் தொறக்கறோம்னு எழுதிக் குடுத்தாச்சு, இனிமே மாத்த முடியாது" என்றாள்.

மன்னிப்பு என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வந்தவர்களில் ஒருவர், விழுந்து அழுத பிள்ளையிடமாவது கேட்கலாமே என்றார். அந்தப் பிள்ளையின் வீட்டு விலாசம் கொடுங்கள், நேரில் போய்க் கேட்கிறேன், உங்கள் தாளில் கேட்க மாட்டேன் என்றேன். கொடுக்கவில்லை.

பொன்ராஜ் போன் செய்தார். பலகையைப் பெயர்த்துவிட்டார்களாம். இப்போது அவர் அந்தக் கரையில் நின்று தும்பிக்கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுகிறாராம். சில பிள்ளைகள் அழுகிறார்களாம். போர்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. அது என் குட்டி அண்ணா. தெருவில் எங்காவது அதைப் பார்த்தாலும் இனி நான் வரைந்தது என்று சொல்லக்கூடாது.

போகட்டும். ஓடை இருக்கிறது.

வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜீவிதா


பெருமாட்டி
20.4.2025

ஜீவிதா,

வேலை ஒன்று இருக்கிறது. கூலி கிடையாது.

மலையடித் தோப்பில் ரோட்டைப் பார்த்த மாதிரி நம் மோட்டார் ரூம் இருக்கிறதே, அதன் பின்சுவர் நீளமாகச் சும்மா கிடக்கிறது. மேலே இருக்கிற காலனிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நடந்து போகிற வழி. பஞ்சாயத்தில் 'யானை நடமாடும் இடம்' என்று ஒரு தகரத்தை எழுதி நட்டிருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை, ஆடு உரசுகிறது. போன வாரம் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் தோப்புக்குள் யானைப் பிண்டத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்கள். துரத்தினேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கத்தத்தான் தெரியும்.

சுவருக்கு வெள்ளையடித்துவிட்டேன். அதில் ஒரு யானை வரை. மொட்டு இல்லை, அதை வரைய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். டவுசரும் சிரிப்பும் வேண்டாம். பார்த்தால் பிள்ளைகள் நடுங்க வேண்டும். கண் சிவந்து, மதம் ஒழுகி, அப்பாவைக் கொன்றதே அந்த மாதிரி இருக்க வேண்டும். அப்படி வரைவதாக இருந்தால் வா. வேறு மாதிரி வரைவதாக இருந்தால் வராதே.

அம்மா உனக்காக மாவடு ஊறப் போட்டிருக்கிறாள். அது வேறு விஷயம்.

கோகுல்


கொச்சி
29.4.2025

அண்ணாவுக்கு,

வருகிறேன். வேறு மாதிரிதான் வரைவேன்.

கண் சிவக்காது, மதம் ஒழுகாது. அப்படி வரைந்தால் பிள்ளைகள் கண் சிவந்த யானையைப் பார்த்தால் மட்டும் ஓடுவார்கள். அப்பாவைக் கொன்ற யானைக்குக் கண் சிவந்திருக்கவில்லை. சிவந்திருந்தால் அவர் பழத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

என் யானை சிரிக்கவும் செய்யாது. பிள்ளைகளைப் பார்க்கவே பார்க்காது. மலையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு அதன் வேலை. சுவரின் இந்த முனையில் சின்னதாக மூன்று பிள்ளைகளை வரைவேன், பையோடு, ஒதுங்கி நின்றபடி. நடுவில் நீளத்துக்கு வெறும் வெள்ளைச் சுவர். அந்த வெள்ளைதான் படமே. அதில் யாராவது போஸ்டர் ஒட்டினால் கிழிப்பது உங்கள் பொறுப்பு.

உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சுண்ணாம்பு அடித்து அழியுங்கள். காய்ந்ததும் மறுபடி வரைவேன். மறுபடி அடியுங்கள், மறுபடி வரைவேன். உங்கள் சுண்ணாம்பு முதலில் தீருகிறதா என் பெயின்ட் முதலில் தீருகிறதா என்று பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை வந்து சேருவேன். நல்ல உயரமான ஏணி ஒன்று வாங்கி வையுங்கள். நிஜ உயரத்துக்கு வரையப் போகிறேன்.

ஜீவிதா